பட்டையின் மறுமுனை

ஒரு மனிதன் எத்தனை நாள்தான் மாப்பிள்ளையாக இருப்பான்? கல்யாணத்தன்று இருப்பான், விருந்து ஓயும்வரை இருப்பான், பிறகு நாலு பேரைப்போல அவனும் ஆகிவிடுவான். இவர் பத்தொன்பது வருடமாக மாப்பிள்ளை. மாமனார் வாய் ஓயாமல் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மரக்கடைக்காரருக்கும் மாப்பிள்ளை, சாரம் கட்டுகிறவர்களுக்கும் மாப்பிள்ளை. மகளின் வகுப்பாசிரியர்கூட ஒருமுறை "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். காதோரம் நரைத்த ஆளை இன்னும் அப்படிக் கூப்பிடுவது மரியாதையா, மூக்கணாங்கயிறா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மாமனாரும் மருமகனும் செய்வது வளைவு வேலை. வீடு கட்டுகிறவர்கள் ஆசைப்பட்டு ஆர்ச் வைத்த ஜன்னல், ஆர்ச் வைத்த கதவு என்று கட்டிவிடுவார்கள். சட்டமும் சுவரும் சேருகிற இடத்தில் வெளிப்பக்கம் ஒரு சந்து விழும். மழைத்தண்ணீர் இறங்கும், பூச்சி புகும், பார்க்கவும் அசிங்கமாக இருக்கும். அதை மூடி ஒரு மரப்பட்டை ஓட வேண்டும். பீடிங் என்பார்கள். நேரான ஜன்னல் என்றால் நாலு துண்டை அறுத்து ஆணி அடித்துவிட்டு யார் வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம். வளைவில்தான் வினை. மெல்லிய பட்டைகள் மூன்றை வெந்நீரில் ஊறப்போட்டு எடுத்து, பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைவின் உச்சியில் ஒரு திருகாணியால் நிறுத்தி, இடப்பக்கம் ஒரு ஆள், வலப்பக்கம் ஒரு ஆள் என்று மெல்ல மெல்ல அழுத்திக் கீழே கொண்டுவர வேண்டும். அப்புறம் பசை இறுகும்வரை இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெயில் நாளில் முக்கால் மணி நேரம், மப்பு நாளில் ஒரு மணிக்கும் மேல். ஈரத்தோடு ஆணி அடித்தால் பட்டை பிளந்துவிடும். பாதியில் கையை விட்டால் விருட்டென்று எழும்பி உடைந்துவிடும்.

ஆப்பு வைத்து நிறுத்தலாமே, கயிறு போட்டு இழுத்துக் கட்டலாமே என்று மற்றவர்கள் சொல்வார்கள். மற்றவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஆப்புக்கு என்ன மாப்பிள்ளை தெரியும்? பட்டை எங்க முறுக்குது, எங்க முனகுதுன்னு கைக்குத்தான் தெரியும். பிடிங்க."

மாப்பிள்ளை பிடிப்பார்.

கல்யாணத்துக்கு முன் இவர் பள்ளிக்கூட பெஞ்சு செய்யும் பட்டறை ஒன்றில் இருந்தார். கோணல் தெரியாத வேலை, கோணல் தெரியாத ஆள். கல்யாணம் முடிந்த மறுநாள் மாமா சொன்னார்: "ஒரு ரெண்டு மாசம் எங்க வீட்டு மாடியிலேயே இருங்க மாப்பிள்ளை. அப்புறம் சாவகாசமா தனி வீடு பார்த்துக்கலாம்." அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. மாடியில் ஒன்றரை அறை. அந்த அரை அறையில்தான் மகள் படிப்பதும் தூங்குவதும். மாடிக்கு வெளிப்படி கிடையாது, கீழே கூடத்தின் வழியாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். கூடத்தில் படிக்கட்டுக்கு நேர் எதிரே மாமாவின் நாற்காலி.

"எங்க மாப்பிள்ளை கிளம்பிட்டீங்க?"

தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் பதில் சொல்லியாக வேண்டும். "சும்மா, காத்தாட ஒரு நடை" என்று சொல்லிவிட்டாலோ தீர்ந்தது. "இருங்க, நானும் வரேன்" என்று செருப்பைத் தேடுவார். பத்தொன்பது வருடத்தில் இவர் தனியாகக் காற்று வாங்கியது கழிவறை ஜன்னலில்தான். மாமா ஒரு நாளும் மரியாதை குறைத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். திட்டினாலும் "ங்க" போட்டுத்தான் திட்டுவார். "உங்களுக்கு மூளைங்கிறது இருக்குங்களா மாப்பிள்ளை?" என்று கேட்கும்போது அந்தப் பணிவைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், வாங்கிக்கொள்கிறவரைத் தவிர.

மனைவி மாமாவின் ஒரே மகள். அப்பாவைப் பற்றி அவளுக்கு மயக்கம் ஒன்றும் கிடையாது. "இந்த வீட்டை விட்டுத் தப்பிக்கலாம்னு உங்களைக் கட்டிக்கிட்டேன். நீங்க என்னடான்னா மூட்டையோட இங்கயே வந்து இறங்கிட்டீங்க" என்று சண்டை வரும்போதெல்லாம் சொல்வாள். சண்டை இல்லாதபோதும் சொல்வாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில், கதவு ஜன்னல் செய்யும் தொழிற்சாலை. வளைவுப் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். சாரம் ஏற வேண்டாம், தரையில் நின்று வேலை. இருக்க இரண்டு அறைக் குடியிருப்பு, தனி வாசலோடு. அந்தத் தனி வாசல் வரியை மட்டும் மனைவி மூன்று தடவை படித்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மகள் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கவே ஆரம்பித்துவிட்டாள். மாமாவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. சொல்லாமல் ஓடிப்போகவா முடியும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்காலியைத் தாண்டித்தானே போக வேண்டும்.

மாமாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. பேச்சு கனக்கப் போகிறது என்று மோப்பம் பிடித்துவிட்டால் போதும், அவர் கையில் எங்கிருந்தோ அழுக்கு ஒட்டிக்கொள்ளும். "இருங்க, கை கழுவிட்டு வரேன்" என்று பின்பக்கம் போவார். போனால் போனதுதான். அத்தை உடம்பு முடியாமல் கிடந்தபோது, மருத்துவமனையில் பெரிய டாக்டர் இவர்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்ததும் மாமா கை கழுவப் போனார். டாக்டர் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டவர் மாப்பிள்ளைதான். மனைவியிடம் சொன்னவரும் அவர்தான். அத்தை போய் ஆறு வருடம்.

அந்த வாரம் மட்டும் மாப்பிள்ளை நாலு முறை "மாமா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். நாலு முறையும் பின்பக்கம் குழாய் ஓடும் சத்தம்தான் பதில்.

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்," என்றாள் மனைவி. "நான் சொன்னா அது சண்டையிலதான் முடியும்."

"வேண்டாம், வேண்டாம். நானே சொல்றேன்."

"எப்ப? பேரன் பேத்தி எடுத்த பிறகா?"

இதற்கிடையில் புதன்கிழமை ஒரு கூத்து நடந்தது. பல் டாக்டரம்மா ஒருவர் புதிதாகக் கட்டும் கட்டடம். முதல் மாடியில் தெருவைப் பார்த்து ஏழு ஆர்ச் ஜன்னல்கள். கொத்தனார் கைவேலை என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரே ஜன்னலில்கூட இடத்தோள் தூக்கியிருக்கும், வலத்தோள் சரிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பிளைவுட்டில் தனித்தனியாக ஒரு அச்சு வெட்டி, அதை வைத்துத்தான் பட்டறையில் பட்டைகளின் அளவைக் குறித்து முனையைச் சாய்த்து அறுப்பார்கள். அச்சில் தெருவைப் பார்க்கும் முகத்தில் மாமா சிவப்புப் பென்சிலால் "வெளி" என்று எழுதிவைப்பார். மறந்து திருப்பி வைத்தால் இடம் வலமாகிவிடும், அத்தனை மரமும் பாழ். முன்பெல்லாம் நகத்தளவு எழுதுவார். இந்த ஆறேழு மாதமாக அந்த எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. வயதாக ஆக ஜம்பம் கூடுகிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை அச்சை வைத்துக் குறித்து அறுத்தவர் மாமா. மாப்பிள்ளை அந்த நேரம் வெந்நீர் அண்டாவுக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். மாடிச் சாரத்தில் நின்று பட்டையை வளைத்து இறக்கினால், இடப்பக்க முனை ஒரு விரல் நுழையும் அளவுக்குக் குறைகிறது, வலப்பக்கம் அதே அளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே நின்று டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார்.

"என்ன பெரியவரே, சந்து தெரியுதே?"

"மாப்பிள்ளை அவசரத்துல அச்சைத் திருப்பி வச்சுட்டாரும்மா," என்றார் மாமா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சின்ன வயசு பாருங்க."

சின்ன வயசுக்கு நாற்பத்திரண்டு முடிந்திருந்தது. "ஆமாங்க, கவனிக்கலை" என்றார் சின்ன வயசு. வேறு என்ன சொல்வது? சாரத்தில் நின்றுகொண்டு மாமனாரைப் பொய்யர் என்பதா? வாய்வரை வந்ததை மென்று விழுங்கினார். விழுங்கிப் பழகிய தொண்டை, கஷ்டமில்லாமல் இறங்கியது. ஆனால் இறங்கிய பிறகு வயிற்றில் எரிந்தது. இனி இந்த மனிதரோடு ஒரு நாள்கூடத் தாங்காது என்று அன்றைக்குத்தான் முடிவாகத் தோன்றியது. அந்த எரிச்சலில் வியாழக்கிழமை பட்டைகளை அவரே குறித்து அவரே அறுத்துவிட்டார். அந்த ஜன்னலுக்குத் தோதான மரத்தில் கடைசித் துண்டு அது. அதுவும் போனால் புது மரம் வர பத்து நாள் ஆகும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் சாரம் ஏறினார்கள். மப்பு மூடிய நாள், ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். உச்சியில் திருகாணியை முடுக்கி, பட்டையை இறக்கினார்கள். இரண்டு முனையும் கச்சிதமாக உட்கார்ந்தன. மாப்பிள்ளை இடப்பக்கம், மாமா வலப்பக்கம், நடுவில் ஜன்னல். கைகள் நான்கும் பட்டையின் மேல்.

கால் மணி போனது. மூக்கு அரித்தது. மூக்கு அரிப்பதைப்போலக் கொடுமை உலகத்தில் கிடையாது என்பது கை இரண்டும் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். அரை மணி போனபோது மாப்பிள்ளையின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது.

"யாரு மாப்பிள்ளை?"

"தெரியலை மாமா."

"எடுத்துப் பாருங்க."

"கையை எப்படி மாமா எடுக்கிறது?"

"அதுவும் சரிதான்."

அடித்து ஓய்ந்தது. ஓய்ந்து மறுபடி அடித்தது. "விடாம கூப்பிடுறாங்களே," என்றார் மாமா. "யாருக்கோ உங்ககிட்ட ரொம்ப அவசரம் போல."

யார் என்று இவருக்குத் தெரியும். தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். மாமாவின் இரண்டு கையும் பட்டையில் இருந்தன. எழுந்து போக நாற்காலி இல்லை, பின்பக்கம் இல்லை, குழாய் இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மாட்டிக்கொண்டவர் இவர் மட்டுமில்லை.

"மாமா, ஒரு விஷயம்."

மாமாவின் தோள் அசைந்தது. முகம் ஏணிப் பக்கம் திரும்பியது. "கையெல்லாம் பசையா இருக்கு மாப்பிள்ளை, கொஞ்சம் கழுவி..." என்று ஆரம்பித்தவர், பட்டை லேசாக முனகியதும் நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை சொன்னார். தொழிற்சாலை, இரண்டு பேருந்து, தரையில் வேலை, இரண்டு அறை, தனி வாசல், ஐந்து மணி. ஒரே மூச்சில், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கொட்டித் தீர்த்தார். பிறகு காத்திருந்தார். எதற்கும் பதில் தயாராக வைத்திருந்தார். நன்றி இல்லையா என்று கேட்டால் ஒன்று, என் மகளை என்னிடமிருந்து பிரிக்கிறீர்களா என்று கேட்டால் ஒன்று. ஒரு வாரமாக மனப்பாடம் செய்தது.

கீழே தெருவில் ஒரு பேருந்து போனது. சாரம் அதிர்ந்து அடங்கியது.

"தரையில நின்னு வேலையா?"

"ஆமா மாமா."

"நல்லதுதான். முட்டிக்கு நல்லது." பட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். பிறகு மாமா சொன்னார்: "புதன்கிழமை அச்சைத் திருப்பி வச்சது நான்தான்."

"தெரியும் மாமா."

"தெரியுமா? அப்புறம் ஏன் கவனிக்கலைன்னு சொன்னீங்க?"

இதற்கு மனப்பாடம் செய்த பதில் எதுவும் இல்லை. மாமாவே தொடர்ந்தார். "நான் எழுதினது எனக்கே தெரியலை மாப்பிள்ளை. கையளவு எழுதியிருக்கேன். விரலை வச்சுத் தடவிப் பார்த்தேன், பென்சில் எழுத்து விரலுக்கு எங்க தெரியும்? உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேக்க மனசு வரலை."

"எத்தனை நாளா மாமா?"

"ஆறு மாசத்துக்கு மேல. நேரா பார்த்தா நடுவுல ஒரு கறுப்பு. ஓரம்தான் தெரியுது. இப்பக்கூட உங்க மூஞ்சி தெரியலை, காது தெரியுது."

"கண் டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். அந்த அம்மா உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பிச்சாங்க." மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் கை கழுவிட்டு வரேன்னு வந்துட்டேன்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை, கன்னத்தில் வழிந்தது. நல்லவேளை, அவருக்குத் தெரியாது என்று நினைத்தார். நினைத்ததும் இன்னும் அதிகமாக வழிந்தது.

"நீங்க போங்க மாப்பிள்ளை," என்றார் மாமா. "நான் தடுக்கலை. போன் அடிச்சவங்ககிட்ட வரேன்னு சொல்லிடுங்க. கண்ணு சமாச்சாரம் மட்டும் அவகிட்ட சொல்ல வேண்டாம்."

பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். "இறுகிடுச்சு. விடலாம்." இருவரும் கையை எடுத்தார்கள். வளைவு சுவரோடு சுவராக, சந்து சொத்தையின்றி நின்றது. மாமா ஏணியில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி வைத்தார். ஆறு மாதமாக அவர் இறங்கும் வேகத்தைப் பார்த்து, "இன்னைக்குள்ள இறங்கிடுவாரா" என்று மனதுக்குள் கேலி செய்தவர் இவர். இப்போது ஏணியின் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறியபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மனைவி படியின் உச்சியில் நின்றிருந்தாள். அறை நடுவில் பெட்டிகள். பாத்திரங்கள்கூடக் கட்டியாகிவிட்டது.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கை கழுவப் போனாரா?"

"போக முடியலை. பட்டையைப் பிடிச்சிருந்தார்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இது தோணாம போச்சே இத்தனை வருஷமா! சரி, என்ன குதி குதிச்சார்?"

"குதிக்கலை. போங்கன்னு சொல்லிட்டார்."

சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பாவா?"

"ம்."

"வேற என்ன சொன்னார்?"

எதைச் சொல்வது, எதை விடுவது? வாக்குக் கொடுக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டாரே. "அச்சைத் திருப்பி வச்சது தான்தான்னு சொன்னார்," என்றார் மாப்பிள்ளை. அது கண் சமாச்சாரம் இல்லை, வேலைச் சமாச்சாரம்.

ஆனால் அவள் அந்தப் பட்டறையில் மரத்தூளில் விளையாடி வளர்ந்தவள். அப்பா "வெளி" என்று எழுதுவதைப் பார்த்துத்தான் எழுத்தே கற்றவள். பாத்திரப் பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குக் கண்ணா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார்.

கைப்பேசி அடித்தது. அவர் அதைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்துப் பெட்டியின் மேல் வைத்தார், இருவருக்கும் நடுவில் கிடந்து அடித்தது. இருவருமே கையை நீட்டவில்லை. மகள் அரை அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே பின்பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது, நிற்கவே இல்லை.

மனைவிதான் எடுத்தாள்.

"அவர் வரலைங்க," என்றாள். "ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். வேற ஆளைப் பார்த்துக்கோங்க." வைத்துவிட்டு அழுதாள். "இத்தனை வருஷம் போகக்கூடாதுன்னு நின்னார், அப்பல்லாம் போயிருக்கலாம். பாவி மனுஷன், இப்பப் பார்த்து போங்கன்னு சொல்லிட்டாரே," என்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, கட்டிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை. தன் பெட்டியை மட்டும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் மாப்பிள்ளைக்குக் கன்னத்தில் விழுந்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலை மாமாவுக்கு முன்னால் அவர் பட்டறைக்குப் போனார். மிச்சமிருந்த ஆறு அச்சுகளையும் எடுத்து மேசையில் பரப்பினார். "வெளி" என்று எழுதியிருந்த பக்கத்தில், ஓரமாக, கொண்டை உள்ள சின்ன ஆணி ஒன்றை அடித்தார். முழுதாக அடித்து இறக்கவில்லை, விரலுக்குத் தட்டுகிற அளவுக்கு விட்டுவைத்தார். ஆறு அச்சு, ஆறு ஆணி. கடைசி ஆணியை அடித்துவிட்டு மட்டும் சுத்தியலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

மாமா வந்தார். முதல் அச்சை எடுத்துத் தடவினார். விரல் ஆணியில் தட்டி நின்றது. மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார், அதிலும் இருந்தது. ஆறையும் தடவி முடித்தார். கை கழுவப் போகவில்லை. கையிலிருந்த அச்சைச் சரியான பக்கம் பட்டையின்மேல் வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தாமலே கூப்பிட்டார்.

"மறுமுனையைப் பிடிங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை பிடித்தார்.